நிமிர வேண்டிய இடம்

ஜனவரி 12

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகமாகத்தான் இருக்கிறேன். முட்டி மட்டும் மழை வருவதை வானிலை ஆட்களுக்கு முன்னால் சொல்லிவிடுகிறது. உன் இடுப்பு எப்படி இருக்கிறது, அண்ணியின் சர்க்கரை இறங்கியதா என்று எழுது. போனில் கேட்கலாம்தான். ஆனால் போனில் எதைக் கேட்டாலும் "அது இருக்கட்டும், சாப்ட்டியா?" என்று பேச்சை மாற்றிவிடுவாய். கடிதத்தில் அந்த வித்தை பலிக்காது.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். நான் மக்காவுக்கு உம்ரா போகப்போகிறேன். இந்த வருஷமே. தனியாக.

அம்மா இறந்த அடுத்த வாரம் நாம் இருவரும் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து பேசியது உனக்கு ஞாபகம் இருக்கும். பாஸ்போர்ட்டுக்குப் போட்டோவெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, கஅபாவைப் பார்க்காமலே அம்மா கண்ணை மூடிவிட்டாள். நாம் அப்படி விடக்கூடாது, முதல் தடவை பார்க்கும்போது பக்கத்தில் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், ஒருவரை விட்டு ஒருவர் போகக்கூடாது என்று வாக்குக் கொடுத்துக்கொண்டோம். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. இப்போது நாற்பத்தேழு. முதல் பத்துப் பன்னிரண்டு வருஷம் நமக்கு வசதி வரவில்லை. வசதி வந்த பிறகு நீ வரவில்லை. மகள் பரீட்சை, மகள் கல்யாணம், புதுக் கம்பெனி, இடுப்பு. போன வருஷம் சொன்ன காரணத்தை மறந்துபோய் இரண்டு தடவை சொன்னாய்.

முன்பெல்லாம் பெண் என்றால் கூட ஒரு மஹ்ரம் வேண்டும், கணவனோ தகப்பனோ கூடப்பிறந்தவனோ. கணவன் எனக்கு வாய்க்கவில்லை, தகப்பன் இல்லை, கூடப்பிறந்தவன் என்று நீ ஒருத்தன்தான். இப்போது விதி மாறிவிட்டது, பெண்கள் தனியாகவே போகலாம். அதைப் படித்த அன்று ஆபரேஷன் தியேட்டரில் கத்திகளை எண்ணி அடுக்கிக்கொண்டே அழுதேன். முகக்கவசம் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

வாக்கை உடைக்கிறேன், தெரிந்துதான் உடைக்கிறேன். நீ "சரி"ன்னு சொன்னால் நெஞ்சு லேசாகும். சொல்லாவிட்டாலும் போவேன். ஆனால் கனத்த நெஞ்சோடு அங்கே போய் நிற்கவேண்டியிருக்கும்.

அண்ணிக்கும் மகளுக்கும் என் சலாம்.

உன் அடங்காத தங்கை

பிப்ரவரி 20

வாயாடித் தங்கைக்கு,

வ அலைக்கும் ஸலாம். இடுப்பு இருக்கிற இடத்தில் இருக்கிறது. அண்ணியின் சர்க்கரை குறைந்திருக்கிறது, கோபம் குறையவில்லை. நீ உன் முட்டிக்குத் தைலம் தேய்க்கிறாயா, இல்லை நோயாளிகளுக்கு மட்டும்தான் புத்தி சொல்கிறாயா?

பதில் எழுத ஐந்து வாரம் ஆகிவிட்டது. நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இங்கே ஒரு பழைய கட்டடத்தில் லிஃப்ட் கயிறு மாற்றும் வேலை, அதனால்தான் என்று வைத்துக்கொள்.

தனியாக வேண்டாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்தக் கூட்டத்தை நீ போட்டோவில் பார்த்திருக்கிறாய், உள்ளே நின்றதில்லை. பெட்டியை யார் தூக்குவார்கள்? திடீரென்று காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள்? நீ நர்ஸ்தான், உனக்கு நீயே நர்ஸ் வேலை பார்க்க முடியாது. விதி மாறினாலும் பெண் தனியாகப் பயணம் போவதைப் பற்றிப் பெரியவர்கள் பல மாதிரிச் சொல்கிறார்கள், அதையும் யோசி. இன்னும் ஒரு வருஷம் பொறு. அடுத்த வருஷம் இடுப்பு சரியாகிவிடும்.

வேறு விசேஷம் இல்லை. மகள் நன்றாக இருக்கிறாள். அண்ணி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

உன் நல்லதை நினைக்கும்
அண்ணன்

மார்ச் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தைலம் தேய்த்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன், தாளில் வாசனை வரும், பொறுத்துக்கொள். அண்ணியின் கோபத்துக்கு மருந்து எங்கள் ஆஸ்பத்திரியிலும் இல்லை.

"அடுத்த வருஷம்" என்பதை நீ எழுதியவுடன் எண்ணிப் பார்த்தேன். இதோடு எட்டாவது அடுத்த வருஷம். எனக்கு எண்ணுவதுதானே தொழில். வயிற்றைத் தைத்து மூடுவதற்கு முன்னால் உள்ளே போன பஞ்சும் துணியும் ஒன்று விடாமல் வெளியே வந்துவிட்டதா என்று எண்ணி, நான் "சரி" என்று சொன்னால்தான் பெரிய டாக்டரே ஊசியைத் தொடுவார். இருபத்துநாலு வருஷத்தில் ஒரு தடவைகூட எண்ணிக்கை தவறியதில்லை. உன் அடுத்த வருஷங்களில் மட்டும் ஏமாறுவேனா?

பெரியவர்களிடமும் கேட்டேன். இரண்டு பேரிடம் கேட்டேன், இரண்டு பதில் வந்தது. கூடும் என்றவர் "போய்ட்டு வாம்மா, எங்களுக்காகவும் அங்க துஆ கேளும்மா" என்றார். கூடாது என்றவரும் கடைசியில் அதையேதான் சொன்னார்.

பயண ஆபீஸுக்குப் போனேன். அங்கே இருந்தவர் "கூட யாரும்மா வர்றாங்க?" என்று கேட்டுவிட்டு என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை என்றேன். எழுதுவதற்கு முன் மறுபடி எட்டிப் பார்த்தார். மூன்றாவது தடவை நானும் திரும்பிப் பார்த்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு டீச்சரம்மா போகிறவர்களுக்கு வகுப்பு எடுக்கிறார். அவர் சொன்ன ஒரு விஷயம் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. பள்ளிவாசலுக்குள் நுழைந்ததிலிருந்து தலையைக் குனிந்தபடியே நடக்க வேண்டுமாம். கஅபா முழுதாகத் தெரிகிற இடம் வந்ததும்தான் நிமிர வேண்டுமாம். அந்த முதல் பார்வையில் என்ன கேட்டாலும் கிடைக்கும் என்பது காலம்காலமாக ஜனங்களின் நம்பிக்கை. ஒரே ஒரு பார்வை. வாழ்க்கையில் அதற்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

நினைத்துப் பார், அண்ணா. நாற்பத்தேழு வருஷம் திசை பார்த்துத் தொழுத அந்த வீடு, நான் நிமிர்ந்தால் எதிரே இருக்கும். நேற்று ஆஸ்பத்திரி நடையில் தலையைக் குனிந்து நடந்து பழகினேன். நேராகப் போய்ப் பெரிய டாக்டரின் வயிற்றில் முட்டினேன். விஷயத்தைச் சொன்னதும் லீவு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, தன் மகனுக்காக ஒரு வரி கேட்கச் சொன்னார். அவர் நம்முடைய மார்க்கம்கூட இல்லை.

செய்தி பரவிவிட்டது. ஆளாளுக்குத் துண்டுச்சீட்டு தருகிறார்கள். வார்டு பெருக்கும் அக்கா நாலாய் மடித்த ஒரு வெற்றுத்தாளைக் கொடுத்தாள். ஒன்றும் எழுதவில்லையே என்றேன். "எனக்கு என்ன வேணும்னு அவனுக்குத் தெரியும். நீ தாளை மட்டும் காட்டு" என்றாள். அதை வாங்கிக்கொண்டு வந்து அலமாரிக்குள் தனியாக வைத்தேன்.

மே 24 பயணம். விடுதிச் சீட்டின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். இனி "வேண்டாம்" என்று எழுதாதே. எப்படிப் போகட்டும் என்று எழுது.

எல்லாருடைய சுகத்தையும் வேண்டும்
உன் தங்கை

மார்ச் 27

அன்புத் தங்கைக்கு,

வ அலைக்கும் ஸலாம். தைல வாசனையில் அண்ணிக்குத் தும்மல் வந்துவிட்டது. மற்றபடி எல்லாரும் நலம்.

சரி.

அதை எழுத இத்தனை நாள் ஆனது. எழுதிவிட்டேன். நீ போய் வா. உன் பிடிவாதம் அம்மாவின் பிடிவாதம், அதை நிறுத்த ஆள் கிடையாது.

எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார், துணிக்கடை வைத்திருப்பவர். அவர் போய்வந்திருக்கிறார். அவரிடம் விசாரித்து உனக்காக எழுதுகிறேன், கவனமாகப் படி.

உன் விடுதிச் சீட்டில் போட்டிருக்கும் இடத்திலேயேதான் அவரும் தங்கினாராம். தொழுகை நேரத்துக்கு இருபது நிமிஷம் முன்னால் லிஃப்ட் பக்கமே போகாதே. எல்லா மாடியிலும் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்துவார்கள், லிஃப்ட் நிறைந்து நிறைந்து நிற்காமலே போகும். கடைசியில் இருக்கும் சாமான் லிஃப்டில் கூட்டம் இருக்காது. தரைத்தளத்திலிருந்து வெளியே போக நகரும் படி இருக்கிறது. அதன் இடது கைப்பிடி படியைவிடக் கொஞ்சம் முந்தி ஓடும். கையை அப்படியே வைத்திருந்தால் உடம்பை முன்னால் இழுத்துவிடும். பாதி வழியில் கையை எடுத்து மறுபடி வை.

செருப்பை வாசலில் விடாதே, பைக்குள் போட்டு முதுகில் மாட்டிக்கொள். வெள்ளைக்கல் தரை உச்சி வெயிலிலும் சுடாது, பயப்படாமல் வெறுங்காலோடு நட. கஅபாவைச் சுற்றிவரத் தொடங்கும் இடத்துக்கு நேரே பச்சை விளக்கு எரியும்.

தலையைக் குனிந்து நடப்பது பற்றிச் சொன்னாய். தரையைப் பார்த்துக்கொண்டே போ, கூட்டம் உன்னைக் கொண்டுபோகும். படி இறங்க வேண்டியிருக்கும். எப்போது நிமிர்வது என்று நீ கவலைப்பட வேண்டாம். கூரை முடியும், முகத்தில் காற்றுப் படும். அதற்குமுன் பேசிக்கொண்டே வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பேச்சை நிறுத்துவார்கள். உன்னைச் சுற்றிச் சத்தம் மாறும். அந்த இடம்தான். அங்கே நிமிர்.

நிமிர்ந்ததும் ஓரமாக ஒதுங்கி நில். கால் வேலை செய்யாது.

அண்ணியும் மகளும் சந்தோஷப்பட்டார்கள்.

அண்ணன்

ஏப்ரல் 5

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே சுகம், அங்கேயும் அப்படியே இருக்க வேண்டும்.

நீ "சரி" என்று எழுதியதை அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். எனக்குக் கிடைத்த துஆக்களிலேயே சின்னது அதுதான்.

மீதிக் கடிதத்தை ஏழெட்டு தடவை படித்துவிட்டேன். டீச்சரம்மாவிடம் அந்தக் கடைசிப் பகுதியை வாசித்துக் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இவரு மறக்கவே இல்லம்மா" என்றார். அப்புறம் அன்றைக்கு வகுப்பு எடுக்கவில்லை.

உன் துணிக்கடை நண்பருக்கு என் சலாம் சொல். துணி விற்கிறவருக்குக் கைப்பிடி படியைவிட முந்தி ஓடுவது தெரிகிறது, சாமான் லிஃப்ட் எந்தக் கடைசியில் இருக்கிறது என்றும் தெரிகிறது. லேசான ஆள் இல்லை. அவர் பெயர் என்ன? அவருக்காகவும் அங்கே பெயர் சொல்லிக் கேட்க வேண்டும், அதற்குத்தான்.

மற்றவை உன் பதில் கண்டு.

தங்கை

மே 8

அன்புத் தங்கைக்கு,

வ அலைக்கும் ஸலாம். மகளுக்குக் கொஞ்சம் ஜலதோஷம், இப்போது தேவலாம். உன் ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டாயா?

இத்துடன் ஒரு பார்சல் வரும். முதுகுப் பை, மெத்தென்ற காலுறை மூன்று ஜோடி, இடுப்பில் கட்டிக்கொள்ளும் சின்னப் பை. பாஸ்போர்ட்டை அதிலேயே வை. கால் கொப்புளத்துக்கு ஒரு களிம்பும் வைத்திருக்கிறேன், நர்ஸுக்கு நான் களிம்பு அனுப்புகிறேன் பார்.

வேலை அதிகம். அதனால் சுருக்கமாக முடிக்கிறேன்.

அண்ணன்

மே 18

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பார்சல் வந்தது. பை என் முதுகுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கிறது. ரத்த அழுத்தம் இருபது வயதுப் பெண்ணுடையது. மகளின் ஜலதோஷத்துக்கு ஆவி பிடிக்கச் சொல்.

இன்னும் ஆறு நாள். பயணம் கிளம்புவதற்கு முன் தெரிந்தவர்கள் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும், மனிதர்களிடம் பட்ட கடனோடு அந்த வீட்டின் முன்னால் போய் நிற்கக்கூடாது இல்லையா? ஒரு வாரமாக அதே வேலையாக அலைகிறேன். தலைமை நர்ஸிடம் கேட்டேன். நான் அவளுக்கு என்ன தப்புச் செய்தேன் என்று எனக்கே தெரியாத மூன்று விஷயத்தை எடுத்துச் சொல்லி மன்னித்தாள். எதிர்வீட்டுக்காரியிடம் கேட்டேன், அவள் அழுதுவிட்டாள். கீழ்வீட்டுக்காரர் நான் கேட்டதில் பயந்து, "என்ன, உடம்புக்கு ஏதாவதா?" என்று விசாரித்தார்.

உன்னிடம் கடைசியாகக் கேட்கிறேன். சின்ன வயதில் உன் சைக்கிளில் காற்றைப் பிடுங்கிவிட்டது நான்தான். உன் கல்யாணத்தன்று மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு இருந்தேன், நீ எனக்கு இல்லாமல் போய்விடுவாய் என்ற பயம்தான் காரணம். எட்டு வருஷமாக உன்னை மனதுக்குள் திட்டியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் மன்னித்துவிடு.

போன ஞாயிறு டீச்சரம்மா கடைசிப் பாடம் எடுத்தார். உம்ரா முடிந்ததும் பெண்கள் ஒரு விரல்நுனி அளவு முடி வெட்டிக்கொண்டால் போதும், ஆண்கள் தலையை மழித்துக்கொள்வார்கள் என்றார். அதைக் கேட்டதும் எனக்கு எட்டு வருஷத்துக்கு முந்திய ஒரு போட்டோ ஞாபகம் வந்தது. மூன்று வாரம் வெளியூர் வேலை என்று போய்விட்டு வந்து, நீ மொட்டைத் தலையோடு நின்றாய். பொடுகுத் தொல்லை என்று எழுதியிருந்தாய். தேங்காய் மாதிரி இருக்கிறது என்று நான்கூடச் சிரித்தேன்.

நானும் உன்னை மன்னித்துவிட்டேன், அண்ணா. எனக்குத் தெரிந்ததற்கும், தெரியாததற்கும், பொடுகுக்கும். இதற்குப் பதில் எழுதித்தான் ஆக வேண்டும் என்றில்லை.

போய் வருகிறேன்.

உன் தங்கை

மே 29

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகமாக வந்து சேர்ந்தேன். முட்டி வலி என்று ஒன்று இருந்ததே ஞாபகம் இல்லை. விடுதி மேசைமேல் இருந்த தாளில் எழுதுகிறேன். கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள்.

இடது கைப்பிடி இப்போது முந்தி ஓடவில்லை. யாரோ சரிசெய்துவிட்டார்கள்.

தலையைக் குனிந்துகொண்டுதான் போனேன். நீ எழுதியபடியே எல்லாம் வந்தது. வெள்ளைக்கல், கால்கள், விதவிதமான கால்கள். ஒரு கிழவரின் வெடித்த குதிகால், ஒரு பெண்ணின் மருதாணி இட்ட விரல்கள், ஒரு குழந்தையின் ஒற்றைக் காலுறை. படி இறங்கினேன். பின்னால் யாரோ புரியாத பாஷையில் சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தார்கள், பாதி வார்த்தையில் பேச்சு நின்றுவிட்டது. முகத்தில் காற்றுப் பட்டது. நிமிர்ந்தேன்.

எதைப் பார்த்தாலும் அளவு சொல்கிறவள் நான். காயம் எத்தனை அங்குலம், ரத்தம் எத்தனை மில்லி என்று கண்ணாலேயே சொல்லிவிடுவேன். அதற்கு என்னால் அளவு சொல்ல முடியவில்லை. பெரிதா சிறிதா என்ற கேள்வியே வரவில்லை. அது இருந்தது, அவ்வளவுதான். நான் பிறப்பதற்கு முன்னாலிருந்தே நான் வருவேன் என்று தெரிந்து அங்கே இருந்ததாகத் தோன்றியது. ஓரமாக ஒதுங்கச் சொன்னாயே, ஒதுங்கக்கூட முடியவில்லை. பக்கத்தில் வந்த யாரோ ஒரு பெண், என் பாஷை தெரியாதவள், தோளைப் பிடித்துத் தூணோரமாகக் கொண்டுபோய் விட்டாள்.

மூன்று மாதமாக நான் மனப்பாடம் பண்ணி வைத்திருந்த துஆவில் ஒரு எழுத்துகூட வாயில் வரவில்லை. ஒன்றுமே கேட்கவில்லை, அண்ணா. கையைத் தூக்கினேன், தூக்கிய கை அப்படியே நின்றது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கேட்டால் கிடைக்கும் என்று எல்லாரும் சொன்ன அந்த ஒரே பார்வையை நான் சும்மா பார்த்தே தீர்த்துவிட்டேன். மற்றவர்களின் சீட்டுகளையெல்லாம் அப்புறம் சுற்றிவரும்போது ஒவ்வொன்றாகச் சொன்னேன், வெற்றுத்தாளைப் பிரித்துக் காட்டினேன். எனக்கென்று மட்டும் ஒன்றும் இல்லை. அது ஒன்றுதான் உறுத்துகிறது. வீணாக்கிவிட்டேனோ?

ஏழு சுற்றுச் சுற்ற வேண்டும் இல்லையா, நாலா ஐந்தா என்று எண்ணிக்கை தவறிவிட்டது. நான்தான், இருபத்துநாலு வருஷம் தவறாதவள். சந்தேகம் வந்தால் குறைந்ததை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் டீச்சரம்மா. நாலு என்று வைத்துக்கொண்டு மேலே சுற்றினேன். ஒரு சுற்று அதிகமாகிப்போயிருந்தால் எனக்கு நஷ்டமில்லை.

தனியாக வந்தேன் என்பது எனக்கே மறந்துவிட்டது. யாருக்கும் தண்ணீர் எடுத்துத் தரவில்லை, யார் பெட்டியையும் பார்த்துக்கொள்ளவில்லை, யார் வலிக்கும் ஓடவில்லை. என் ஆயுசிலேயே ஒரு இடத்தில் நான் நானாக மட்டும் நின்றது இதுதான் முதல் தடவை. ஆனாலும் நிமிர்ந்த அந்த நேரத்தில் என் வலப்பக்கம் ஒரு ஆள் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. அத்தனை கூட்டத்தில் அது எப்படி என்று தெரியவில்லை.

உன் நண்பரின் பெயரைக் கடைசிவரை நீ எழுதவில்லை. எனக்குத் தெரிந்த பெயரைச் சொல்லித்தான் கேட்டேன்.

அண்ணிக்கும் மகளுக்கும் நிறைய சலாம்.

தங்கை

மே 30

அன்புத் தங்கைக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ இப்போது அங்கே இருப்பாய். இந்தக் கடிதம் உன் வீட்டுக் கதவுக்கடியில் கிடக்கும். நீ வந்து செருப்பைக் கழற்றும்போது கையில் எடுப்பாய். பக்கத்தில் நின்று சொல்லத் தைரியம் இல்லாதவனுக்கு இது வசதி.

துணிக்கடை நண்பர் என்று யாரும் இல்லை.

எட்டு வருஷத்துக்கு முன்னால் கம்பெனி என்னை அந்த விடுதிக்கு அனுப்பியது. லிஃப்ட் மாற்றும் வேலை, மூன்று வாரம். உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் "பார்க்காமல் வந்துவிடு" என்று நீ சொல்ல மாட்டாய், "பார்த்துவிட்டு வா" என்றுதான் சொல்வாய். அதைச் சொல்ல உனக்கு எவ்வளவு வலிக்கும் என்று நினைத்துச் சொல்லாமல் போனேன். வேலையை முடித்துவிட்டுக் கஅபாவைப் பார்க்காமலே திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். முட்டாள்தனம்தான், ஆனால் நினைத்தேன்.

ஐந்து நாள் அப்படியே இருந்தேன். வேலை லிஃப்ட் குழிக்குள், அங்கே ஜன்னல் கிடையாது. தொழுகையைக் கீழ்த்தளத்து அறையிலேயே முடித்துக்கொண்டேன். பதினாலாம் மாடியில் எங்களுக்கு அறை, திரையை மூடச் சொல்லிக் கூட்டாளிகளிடம் சண்டை போட்டேன். என்னைப் பைத்தியம் என்றார்கள். ஆறாம் நாள் அவர்கள் ஊர் எல்லைக்குப் போய், உம்ராவுக்கான இஹ்ராம் துணி கட்டிக்கொண்டு வரக் கிளம்பினார்கள். நான் வரவில்லை என்றேன். வண்டி புறப்படும்போது ஓடிப்போய் ஏறிக்கொண்டேன். ஏன் ஏறினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்த இடத்துக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு இருக்க ஐந்து நாளுக்குமேல் என்னால் முடியவில்லை.

தலையைக் குனிந்துதான் போனேன். கூரை முடிந்தது, காற்றுப் பட்டது, நிமிர்ந்தேன். நீ இந்நேரம் நிமிர்ந்திருப்பாய், அதனால் அது எப்படி இருந்தது என்று உனக்கு நான் எழுத வேண்டியதில்லை. ஆனால் எனக்கு அங்கே இன்னொன்றும் இருந்தது. உன் பங்கைத் திருடித் தின்றுகொண்டு நிற்பது போல இருந்தது. பக்கத்தில் இடம் காலி. என் வாயில் வந்தது ஒன்றுதான். "என் தங்கச்சிய இங்க கொண்டு வா. என்னை எதிர்பார்த்து அவ நிக்க வேணாம். தனியாவாவது கொண்டு வா." இதைத் தவிர அந்தப் பார்வையில் வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அப்புறம் ஏன் உன்னைக் கூட்டிப்போகவில்லை என்று கேட்பாய். "முதல் தடவை சேர்ந்து பார்ப்போம்" என்று நீ ஒவ்வொரு கடிதத்திலும் எழுதினாய். அந்த வீட்டுக்கு முன்னால் உன் பக்கத்தில் நின்றுகொண்டு, முதல் தடவை பார்க்கிறவன் மாதிரி என்னால் நடிக்க முடியாது. உண்மையைச் சொல்லி உன்னை உடைக்கவும் முடியவில்லை. இடுப்பின்மேல் பழியைப் போட்டேன். என் இடுப்புக்கு ஒரு கோளாறும் இல்லை.

ஜனவரியில் உன் கடிதம் வந்ததும் எனக்குப் பயம்தான் வந்தது. நான் கேட்டது அப்படியே, கேட்ட வார்த்தையிலேயே, "தனியாக" என்று உன் கையெழுத்தில் வந்து நிற்கிறது. அதைப் படித்துவிட்டு நான் உனக்கு வேண்டாம் என்று எழுதினேன், பார். கேட்டவனே கதவைச் சாத்தப் பார்த்தேன். என் குட்டு வெளிப்பட்டுவிடும் என்ற பயத்தில்.

நீ மன்னித்துவிட்டாய் என்று எழுதினாய். பொடுகையும் சேர்த்து. அதைப் படித்தபோது அண்ணி பக்கத்தில் இருந்தாள். நான் அழுததை அவள் பார்த்தது இதுதான் முதல் தடவை என்கிறாள்.

சுகமாக வந்து சேர்ந்ததும் ஒரு வரி எழுது.

உன் அண்ணன்

ஜூன் 10

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகமாக வந்து சேர்ந்தேன். நீ சொன்னபடியே செருப்பைக் கழற்றும்போது உன் கடிதத்தை எடுத்தேன். பெட்டியை வாசலிலேயே போட்டுவிட்டு, படியில் உட்கார்ந்து படித்தேன். எதிர்வீட்டுக்காரி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அடம்பிடித்துப் போனேன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். பயண ஆபீஸில் நான்தான் கையெழுத்துப் போட்டேன், லீவு நான்தான் கேட்டேன், உன்னை எதிர்த்துக்கொண்டு நான்தான் கிளம்பினேன். அதற்கு எட்டு வருஷம் முன்னாலேயே எனக்காகக் கேட்டாகிவிட்டது என்று இப்போதுதான் தெரிகிறது.

முதல் பார்வையை வீணாக்கிவிட்டேன் என்று எழுதியிருந்தேனே, அந்த உறுத்தல் போய்விட்டது. எனக்கு அங்கே கேட்க ஒன்றும் வரவில்லை என்றால், எனக்கானதை நீ முன்னமே கேட்டு முடித்துவிட்டதால்தான். நான் போய் நின்று, கிடைத்துவிட்டதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். ஒரு சின்னக் கோபம் இருக்கிறது. அந்த ஐந்து நாள் உன்னைத் திரையை மூட வைத்ததற்காக என் மேலும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து சரியாகிவிடும்.

முதல் தடவை சேர்ந்து பார்க்க வேண்டும் என்ற பேச்சுதான் இத்தனை வருஷமாக நம் இருவரையும் வெளியே நிறுத்தி வைத்தது. அது இப்போது உனக்கும் முடிந்துவிட்டது, எனக்கும் முடிந்துவிட்டது. இனி நாம் யாருக்கும் நடிக்க வேண்டியதில்லை. நேற்று பயண ஆபீஸுக்குப் போனேன். அவர் வழக்கம்போல "கூட யாரும்மா வர்றாங்க?" என்று என் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"எங்கண்ணன்" என்றேன்.

பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்து வை. அண்ணிக்கும் மகளுக்கும் சலாம்.

உன் தங்கை